அஸிமினாவின் கோதுமை

கிரேக்க நாட்டின் வோலோஸ் துறைமுகத்தில் என்னோடு ரொட்டிக் கடையில் வேலை பார்த்த அஸிமினா, எதைச் சொன்னாலும் "புரியுதா?" என்று முடிப்பாள். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "எனக்கென்ன மூளையில்லையா? வாயை மூடுடி!" என்று கத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்கும் முன் அவள் இறந்துபோனாள்.

இறந்த நாற்பதாம் நாள் தேவாலய வழிபாட்டில், வழக்கப்படி அவள் பெயரால் அவித்த இனிப்புக் கோதுமை கொடுத்தார்கள். வெட்கத்தில் நான் வாங்கவில்லை. மறுநாள் காலை, அதைத் தின்றவர்கள் எல்லோரும் கடையில் வரிசையாக நின்றார்கள்.

"எள்ளு ரொட்டி ரெண்டு, புரியுதா?"

"சூடா குடு தெக்லா, புரியுதா?"

எரிச்சலோடு ரொட்டிகளைக் கட்டிக் கொடுத்தேன். கடைசியாகப் பாதிரியார் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "உனக்குன்னு எடுத்துவெச்சேம்மா, புரியுதா?"

கோதுமையைத் தின்றுவிட்டு, "மன்னிச்சுடு அஸிமினா" என்று சொல்ல வாயெடுத்தேன்.

என் வாயிலிருந்து வந்தது அவள் குரல். "எனக்குக் கோபமே இல்லடி தெக்லா, புரியுதா?"