துக்க வீட்டுப் பந்தி

செட்டிநாட்டில் உமையாள் ஆச்சியின் வீட்டை 'வாழும் பாரம்பரிய இல்லம்' என்று அறிவித்ததிலிருந்து, மதியச் சாப்பாட்டுக்கு வெளிநாட்டு விருந்தினர் வராத நாளே இல்லை. அன்று காலை அவள் கணவர் சாத்தப்பன் காப்பி கேட்டார். அவள் கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே இறந்துபோயிருந்தார்.

வெளியூரில் இருந்த மகளுக்குச் சொல்லிவிட்டு, விருந்தினரை அனுப்பும் சுற்றுலா நிறுவனத்தைக் கூப்பிட்டாள்.

"எங்க வீட்டுல அவுக போயிட்டாக. இன்னைக்கு யாரையும் அனுப்பாதீங்க."

மறுமுனையில் பேசிய பெண் உண்மையாகவே வருந்தினாள். "மனசைத் தேத்திக்கங்க ஆச்சி. ஆனா ஒப்பந்தப்படி ரத்து பண்ண முடியாது. நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே இணையத்துல துக்க வீடுன்னு மாத்திப் போட்டேன், அதுக்குள்ள இன்னும் நிறையப் பேர் வர்றோம்னு சொல்லிட்டாங்க. நீங்க அடுப்பு மூட்ட வேணாம், சாப்பாட்டை நாங்களே அனுப்புறோம். துக்க வீட்டுல அதுதானே வழக்கம்?"

மதியம் எல்லோரும் வெள்ளை உடுத்தி வந்தார்கள். சொல்லிக்கொடுத்திருந்தபடி தலையைக் குனிந்து சாத்தப்பனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பின்கட்டில் இலை போட்டாகிவிட்டது. வழிகாட்டி உமையாளின் காதருகே குனிந்தான்.

"தப்பா நினைக்காதீங்க ஆச்சி. நீங்க அழுது முடிச்சப்புறந்தான் பந்தின்னு சொல்லிவச்சிருக்கோம். அவங்க ரொம்ப நேரமாக் காத்திருக்காங்க."

காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை இப்போது வர மறுத்தது. அவள் கணவரின் பக்கம் சாய்ந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கிருங்க. இவுக சாப்பிட்டுப் போயிரட்டும்" என்று அவருக்கு மட்டும் கேட்பதுபோலச் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அழுகிறவளைப் போலத் தோளைக் குலுக்கினாள்.