கழற்றிய சென்சார்

போன வாரம் ஆயுதபூஜைக்கு உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே கிடந்து அழுகிக்கொண்டிருந்தது. ஈக்களைத் தாண்டி உள்ளே போனாள் பூங்கோதை. காலையில்தான் காரை இங்கே விட்டிருந்தாள். கியர் மாறும்போதெல்லாம் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. கியர்பாக்ஸுக்குள் இருக்கிற சென்சார் போய்விட்டது, புதுசு போடணும் என்று போனில் சொல்லியிருந்தார் முதலாளி சிங்காரம்.

“போட்டாச்சு மேடம். பழசைக் கண்ணுல காட்டாம நான் பில்லு போடமாட்டேன். நமக்குத் தொழில் சுத்தம் முக்கியம்” என்று ஒரு தட்டை நீட்டினார். கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புச் சாமான். கருகிய எண்ணெய் நாற்றம். அதன் காந்த நுனியில் இரும்புத்தூள் செத்த எலியின் மீசை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

“இப்பத்தான் உங்க வண்டி வயித்துலேருந்து உருவினேன். எம்புட்டு அசிங்கம் பாருங்க! வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா? எல்லாரும் மூஞ்சியச் சுளிச்சு இங்கயே விட்டுட்டுப் போயிடுறாங்க.”

பூங்கோதை மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். சென்சாரின் முதுகில் சந்தனம் காய்ந்திருந்தது. அதன் நடுவே லட்சணமாக ஒரு குங்குமப் பொட்டு.

“ஏண்ணே, என் கியர்பாக்ஸுக்குள்ள இறங்கி யாரு பூஜை பண்ணினது?”

சிங்காரம் பார்த்தார். பொட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து எடுத்தார். விரலில் ஒட்டிய குங்குமத்தை அழுக்குத் துணியில் துடைக்க அவருக்கு மனசு வரவில்லை. கண்ணை மூடி, பயபக்தியோடு நெற்றியில் இட்டுக்கொண்டார்.