வெயில் படாத இடம்

காட்டுப்பாக்கத்தில் சுவேதா வீட்டுத் தரைக்கடி சம்ப் தொட்டியை தஸ்தகீர் பாய் கழுவிவிட்டுப் போய் எட்டு நாள்தான் ஆகியிருந்தது. இன்றைக்கு அவரைத் திரும்பக் கூப்பிட்டு மூடியைத் தூக்கினால், சுவரெல்லாம் முழ நீளத்துக்குப் பச்சைப் பாசி.

"இன்னா பாய், ஒழுங்கா தேய்க்கலியா?"

"வெயிலே படாத எடத்துல பாசி எப்படிம்மா வரும்?"

இறங்கித் தேய்த்தார். பாசி சளி மாதிரி விரலிடுக்கில் வழுக்கியது. வெதுவெதுப்பாக வேறு இருந்தது. மூன்று பக்கெட் வழித்துக் கொட்டினார். புதுத் தண்ணீர் விட்டதும், வழக்கம்போல சுவேதா பார்க்க ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினார். அவர் வேலைக்கு அதுதான் உத்தரவாதம்.

மறுநாள் காலை நாக்கை வழித்தபோது பச்சையாக வந்தது. அடுத்த நாள் இன்னும் தடிப்பாக வந்தது. மூன்றாம் நாள் மனைவி ஜுபைதா அவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"இன்னாங்க இது, தொண்டைல முடி மாதிரி ஆடுது? கொஞ்சம் மூச்சு விடாம இருங்க."

மூச்சை அடக்கிக்கொண்டு அவரும் கண்ணாடியில் பார்த்தார். உள்ளே அது, தண்ணீருக்குள் ஆடுவதுபோல, நிதானமாக ஆடிக்கொண்டே இருந்தது.