மடத்து பீர்

கோழி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்து, முட்டைக் குடோன் மேசைமேல் வரிசையாக வைத்தார் கந்தவேல். எதிரே எவர்சில்வர் டம்ளர்களோடு பக்கத்துப் பண்ணை மாரியப்பன் தயாராக உட்கார்ந்திருந்தார்.

மூன்றும் பெல்ஜியம் சரக்கு. அங்கே வேலை பார்க்கும் மகள் இலக்கியாவோடு மூன்று மாதம் இருந்துவிட்டு, முந்தாநாள்தான் நாமக்கல் திரும்பியிருந்தாள் மனைவி பொன்னாயி. அவள் பெட்டியைப் பரண்மேல் ஏற்றும்போது, அடியில் ஒரு பழஞ்சேலை மூட்டைக்குள் இவை தட்டுப்பட்டன.

அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவுக்கென்று மகள் ஒளித்து அனுப்பியிருக்கிறாள் என்று கந்தவேலுக்கு உடனே விளங்கிவிட்டது. மூட்டையின் இரட்டை முடிச்சுகூட அவள் அம்மா போடுவது மாதிரியே இருக்கிறதே என்று கண் கலங்கிப் போனார்.

"இனித் தொடமாட்டேன்னு அக்கா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனீங்களே மாமா?" என்றார் மாரியப்பன்.

"இது மடத்துச் சாமியாருங்க காய்ச்சுன பீரு மாப்ள. தீர்த்த மாதிரி."

சத்தியத்தை மீறினால் மகளிடமே போய்விடுவேன், திரும்பமாட்டேன் என்று பொன்னாயி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மூன்று மாதம் தானே பொங்கித் தின்றதில் அவள் அருமை கந்தவேலுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனாலும் பாழாய்ப்போன நாக்கு கேட்கவில்லை.

முதல் பாட்டில் பழுப்பு. வெல்லப்பாகில் ஊறிய பேரீச்சம்பழம் என்று தீர்ப்பானது. இரண்டாவது பொன்னிறம், கிராம்பும் பூவன்பழமும் சேர்ந்து மணக்க, இதற்குத்தான் முதல் பரிசு என்றார் மாரியப்பன். கன்னங்கறுப்பாக இருந்த மூன்றாவதன் கருப்பட்டி வாசத்துக்கு எதுவும் ஈடில்லை என்று கந்தவேல் சாதித்தார். வாதம் முற்றி, மறுபடி மறுபடி ருசி பார்த்ததில் மூன்றும் காலியாகிவிட்டன.

அப்போது கதவு திறந்தது. வாசலில் பொன்னாயி.

முட்டை வண்டி வருகிற நேரம் என்று முனகிக்கொண்டே மாரியப்பன் நழுவினார். இந்த வயதில் இவள் இல்லாத வீட்டை நினைக்கவே கந்தவேலுக்குப் பயமாக இருந்தது.

பொன்னாயி கத்தவில்லை. ஒவ்வொரு பாட்டிலையும் டம்ளரில் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. அவள் முகம் வாடிப் போயிற்று.

"தப்புத்தான் புள்ளே. ஊட்ட உட்டு மட்டும் போயிராத. மக ஆசையாக் குடுத்தனுப்புனா, தட்ட முடியல."

பொன்னாயி பெருமூச்சு விட்டாள்.

"மூணும் நான் எனக்குன்னு வாங்கியாந்ததுங்க."