டின்னுக்குப் பூட்டு

பெரியவர் முப்பது வருஷம் ஐஸ் வியாபாரம் செய்தவர். கண்ணெதிரில் வைத்த சரக்கே கரைந்து ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, எவனையும் நம்பாத மனசு. போன வருஷம்தான் இந்த நண்டுக் குஞ்சுப் பண்ணையை வாங்கிப் போட்டார்.

குஞ்சுகளுக்குத் தீவனம் வெளிநாட்டிலிருந்து டின்னில் வந்தது. யானை விலை.

"அந்த டின்னே வேண்டாம் மாமா. மலிவா நானே ஒரு தூள் கண்டுபிடிச்சிருக்கேன்" என்று வந்து நின்றான் மருமகன். "நாலாம் தொட்டியில ஐம்பதாயிரம் குஞ்சு இருக்கு. இருபது நாள் என் தூளை மட்டும் போடறேன். கொழுத்துச்சுன்னா பண்ணையில பாதி எனக்கு."

"மெலிஞ்சா?"

"ஆயுசுக்கும் உங்க ஐஸ் வண்டியை ஓட்டறேன்."

பெரியவர் தூளை நக்கிப் பார்த்தார். பூனைக்கு வைத்தார். பூனை ஒரு தும்மல் போட்டுவிட்டு நடையைக் கட்டியது.

அப்போதே அவருக்குப் பொறி தட்டிவிட்டது. பயல் தூளைக் காட்டிக்கொண்டே டின் தீவனத்தைத் திருடிப் போடப்போகிறான்!

டின்களெல்லாம் இரும்பு அலமாரிக்குள் போயின. சாவி பெரியவர் இடுப்பில். மருமகன் வரும்போதெல்லாம் சட்டைப் பை, டிபன் டப்பா, செருப்பின் அடிவரை சோதனை.

"பல்லையும் காட்டட்டுமா மாமா?"

"காட்டுங்க மாப்பிள்ளை."

பழைய முதலாளி காலத்திலிருந்தே வேலை பார்க்கும் தொட்டியக்காவையும் அவர் நாலாம் தொட்டிப் பக்கம் அண்டவிடவில்லை. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால்?

தினமும் மருமகன் தொட்டியை மூடியிருந்த கறுப்புத் தார்ப்பாயின் ஒரு மூலையை மட்டும் தூக்கி டார்ச் அடிப்பான். "பாருங்க மாமா, உங்களைப் பார்க்க எப்படி ஓடி வருதுங்க!" நேற்றைவிட இன்று பெரிதாகக் குஞ்சுகள் மொய்க்கும். பெரியவர் அங்கே ஒரு குவளையில் மொண்டு பார்ப்பார். குவளை நிறையக் குஞ்சு. உடனே அலமாரிக்கு ஓடி டின்களை எண்ணுவார். ஒன்றுகூடக் குறைந்திருக்காது.

இருபதாம் நாள் குஞ்சுகள் கொழுகொழுவென்று நின்றன. பெரியவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, தப்பா நினைச்சுட்டேன்" என்று பாதிப் பண்ணையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மருமகன் அவசரமாகக் கிளம்பிவிட்டான்.

குஞ்சுகளைக் குளத்துக்கு மாற்ற வேண்டும். தொட்டியக்கா தார்ப்பாயை உருவி, தண்ணீரை வடித்து, வலையில் அள்ளினாள்.

"எத்தனைம்மா?"

"முந்நூத்திப் பன்னெண்டு முதலாளி."

"குவளையா?"

"தலைங்க."

"ஐயையோ, மீதியை எவன் திருடினான்? தினம் குவளை நிறைய இருந்துச்சே!"

"டார்ச் அடிச்சா மொத்தக் குஞ்சும் அந்த மூலைக்குத்தானே ஓடி வரும்?"

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"கிட்ட விட்டாத்தானே சொல்றதுக்கு!" தொட்டியக்கா அடித்தரையை வழித்துக் காட்டினாள். இருபது நாள் தூளும் தொட்ட வாயில்லாமல் அப்படியே சேறாகக் கிடந்தது.

"அப்ப இதுங்க எதைத் தின்னுதான் கொழுத்துச்சு?"

வலைக்குள் ஒரு குண்டுக் குஞ்சு, கூடப்பிறந்த தம்பியின் கடைசிக் காலை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.