முழு மார்க்

"அண்ணே, நீங்க வெளியே போய் உக்காருங்க. பக்கத்துல இருந்தா அக்காவுக்கு எடுத்துக்கொடுத்துருவீங்க."

டாக்டர் ராஜகுரு சொன்னதும் பீமாராவ் தயங்கியபடி எழுந்தார். மனைவி பாண்டியம்மாள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள். போன வாரம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில், சொந்த ஊரான பரவைக்கு எந்த பஸ் என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். மதுரையில் நரம்பு டாக்டரிடம் காட்ட, ராஜகுரு ஒரு லெட்டர் எழுதித் தரவேண்டும்.

"மறந்து மறந்து போகுது டாக்டர். ஆரம்பத்துலயே பாத்துட்டா நல்லதுன்னாங்க."

"நான்கூடத்தான் காலையில கார் சாவியை மறந்துட்டேன். எனக்கும் ஒரு லெட்டர் எழுதிக்கவா? செல்லுல கண்ட வீடியோவையும் பாத்துட்டு வந்துர்றீங்க. போங்கண்ணே, ஒரு டெஸ்ட் வச்சுப் பாத்துருவோம்."

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் சீனியம்மாள் வந்து கூப்பிட்டாள். உள்ளே பாண்டியம்மாள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா பாஸ்" என்றார் டாக்டர்.

"எல்லாம் சரியாச் சொன்னாளா?"

"தேதி தப்பு. வீட்டுல இருக்கவங்களுக்குத் தேதி எதுக்கு? சரின்னு போட்டுட்டேன். நூறுல ஏழு போனா எம்புட்டுன்னு கேட்டேன், வரல. எனக்கே அதுக்குக் கால்குலேட்டர் வேணும். அதுவும் சரி."

"மூணு பொருள் பேரைச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொன்னோம். ஒண்ணுதான் வந்துச்சு" என்றாள் சீனியம்மாள்.

"ஒண்ணாவது வந்துச்சுல்ல? நீ சும்மா இரும்மா." டாக்டர் பீமாராவ் பக்கம் திரும்பினார். "கடைசியாத்தான் அசந்துட்டேன். வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டேன். ஒரு சிரிப்பு சிரிச்சிட்டுத் தலையைக் குனிஞ்சவங்கதான், வாயே திறக்கல. இந்தக் காலத்துல புருஷன் பேரைச் சொல்லாத சம்சாரம் யாருக்குக் கிடைக்கும்? அந்த மரியாதைக்கே முழு மார்க். நீங்க குடுத்துவச்சவர்ண்ணே. கூட்டிட்டுப் போங்க."

பீமாராவ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"லெட்டரை எழுதுங்க டாக்டர்" என்றார். "கல்யாணமான நாள்லருந்து இவ என்னை 'ஏ பீமாராவ்'னு தெருவுக்கே கேக்கத்தான் கூப்பிடுவா."