கூட வருபவள்

"அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் போட்டுக் காட்றீங்களா?"

அபிநயா இப்படிக் கேட்டதும் அவள் அப்பா ஜீவானந்தம் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள்தான் போவார்கள். நானும் வருவேன் என்று அமிர்தியிலிருந்து காவலூர் வரை பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

போர்வெல், மாட்டுக் கொட்டகை, ஓட்டுக் கூரை எல்லாம் அவர் பார்த்தாகிவிட்டது. மகள் சரி என்றால் அடுத்த வாரம் நிச்சயம்.

அவள் சுலபத்தில் சரி சொல்ல மாட்டாள். அக்கா ஆனந்தி கல்யாணமாகி மூன்றே மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். இத்தனைக்கும் அந்த மாப்பிள்ளை மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

இந்த மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலை ஏறி வீட்டுக்கு வருவான். அபிநயாவுக்கு நர்ஸ் வேலை காவலூரிலேயே. கல்யாணமானால் இந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

"அதுல இன்னா இருக்குது, வெறும் கேம்" என்று அவன் தன் அம்மாவைப் பார்த்தான். முறத்தை வைத்துக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ரேணுகாதேவி நிமிரவில்லை.

"யாரு ஆடுறது?"

"நான்தான்."

திரை வந்தது. வாளும் மந்திரமும் இருக்கிற கேம். மலை உச்சியில் ஒரு டிராகன் இருக்கிறது, அதைக் கொல்ல வேண்டும். ஆனால் கொன்றே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. திருடலாம், ஊரைக் கொளுத்தலாம், வீடு கட்டிக் கீரை போடலாம். எதைச் செய்தாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். நர்சிங் ஹாஸ்டலில் அபிநயாவும் இதை ஆடியிருக்கிறாள்.

அவள் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள். நாலு பட்டன் மட்டும் பிசுபிசுத்தது.

முந்நூறு மணி நேரம் ஆடியிருந்தது. டிராகன் பக்கமே போகவில்லை. யார் வீட்டிலும் திருடியதில்லை.

ஆட்டத்தில் துணைக்கு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். பொதுவாக ஆடுகிறவர்கள் மூட்டை எல்லாவற்றையும் அவள் முதுகில் ஏற்றி, சண்டை என்றால் அவளை முன்னால் தள்ளுவார்கள். செத்தால் வேறு ஆள். அபிநயாவே அப்படி நாலு பேரைச் சாகடித்திருக்கிறாள்.

இங்கே அந்தப் பெண்ணிடம் ஒரு சுமையும் இல்லை. நல்ல கவசம் அவளுக்கு, ஒட்டுப்போட்டது ஆடுகிறவருக்கு. வீட்டில் அவளுக்கென்று கதவு வைத்த தனி அறை. முந்நூறு மணி நேரமும் அதே பெண்தான், உயிரோடு இருந்தாள்.

கடைசியாக, ஆட்டத்தைச் சேவ் செய்த தேதி, நேரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

நிலப் பத்திரத்தைக்கூட இப்படி யாரும் படிக்க மாட்டார்கள் என்றார் ஜீவானந்தம். அபிநயா எழுந்தாள்.

"எனக்குச் சம்மதம்ப்பா."

கேம் ஆடியே பொண்ணு பிடித்த முதல் ஆள் நீங்கதான் மாப்ள என்று அவர் கோகுலகிருஷ்ணனின் தோளைத் தட்டினார். அவன் கூச்சத்தோடு சிரித்தான். ரெண்டு பேரும் பைக்கைத் திருப்பி நிறுத்த வெளியே போனார்கள்.

அபிநயா முறத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். புளி அப்பியிருந்த ரேணுகாதேவியின் விரல்களைப் பார்த்தாள்.

"சேவ் எல்லாம் செவ்வாய், புதன்ல மத்தியானம் போட்டிருக்குது. அந்த நேரத்துல அவரு ஓசூர்ல இருப்பாரு" என்றாள். "வாரத்துல ஆறு நாள் நான் இருக்கப்போறது உங்ககூடத்தான். அந்த டிராகனை மட்டும் தொட்டுடாதீங்க அத்தே, நான் வந்தப்புறம் ரெண்டு பேருமா போலாம்."